தண்ணீரில் விழுந்த மூன்று வீடுகள்: ஸ்டட் திசையைத் திருப்பிய ஒரு நிகழ்வு ஆய்வு

கோபன்ஹேகனில் நியூஹவ்ன் என்று ஒரு கால்வாய்த் துறை இருக்கிறது. ஐந்தாம் கிறிஸ்டியன் அரசர் காலத்தில், 1671க்கும் 1673க்கும் இடையே வெட்டியது. கரை ஓரமாக மஞ்சள், சிவப்பு, நீலம் என்று தோளோடு தோள் உரசி நிற்கும் ஒல்லி வீடுகள். 9ஆம் எண் வீடுதான் எல்லாவற்றிலும் மூத்தது, 1681இல் கட்டியது. காற்று அசையாத நேரத்தில் எடுத்த படங்களில் இந்த வீடுகள் இரண்டு தடவை இருக்கும். கரைமேல் ஒரு தடவை, தண்ணீருக்குள் தலைகீழாக ஒரு தடவை.

அந்தக் காட்சியை லெகோவில் கட்டிப் பார்க்கலாமே என்று தோன்றியது. கட்டையும் டென்மார்க்குச் சரக்கு, வீடும் டென்மார்க்கு வீடு, பொருத்தமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முடிக்க ஏழு வாரம் ஆனது. வீடு கட்டியது அதில் ஒரு வாரம். மீதி ஆறு வாரமும் தண்ணீர் மட்டத்தில் போனது.

போட்டுக்கொண்ட திட்டம் இதுதான். மூன்று வீடுகள், ஒவ்வொன்றும் 8 ஸ்டட் அகலம் (ஸ்டட் என்பது கட்டையின் தலையில் இருக்கும் குமிழ், அதை எண்ணித்தான் லெகோவில் அளவு சொல்வது). மொத்தம் 24 ஸ்டட், அதாவது 192 மில்லிமீட்டர். ஆழம் 4 ஸ்டட். மேல்பாதி நேராக நிற்கும். கீழ்ப்பாதியும் அதே மூன்று வீடுகள்தான், ஆனால் கொஞ்சம் மங்கிய நிறத்தில், தலைகீழாக. மஞ்சளுக்குக் கீழே பழுப்பு மஞ்சள், சிவப்புக்குக் கீழே அடர்சிவப்பு, நீலத்துக்குக் கீழே சாம்பல் கலந்த நீலம். இரண்டு பாதியும் சந்திக்கும் கோடுதான் தண்ணீர். அந்தக் கோட்டில் வெளிச்சம் ஊடுருவக் கூடாது. கூரையைப் பிடித்துத் தூக்கினால் நிழலும் கூடவே வர வேண்டும். பசை கிடையாது, அறுப்பதும் கிடையாது.

கேட்பதற்குச் சுலபம். லெகோவில் கை பழகியவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்.

காரணம், லெகோ கட்டைக்குத் தலையும் உண்டு, அடியும் உண்டு. தலையில் குமிழ், அதைத்தான் ஸ்டட் என்கிறோம். அடியில் பொள்ளல், அதற்குள் குழாய். 1958 ஜனவரி 28ஆம் தேதி லெகோ நிறுவனத்தின் கோட்ஃபிரட் கிர்க் கிறிஸ்டியான்சன் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது இந்தக் குழாய் ஏற்பாட்டுக்குத்தான். அதற்கு முந்தைய கட்டைகளின் அடி வெறும் கூடு. அடுக்கலாம், பிடி நிற்காது. ஸ்டட் போய்க் குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் இறுகுவதால்தான் இன்றைக்கும் கட்டை கட்டையோடு நிற்கிறது. ஆனால் தலைக்கு அடிதான் பொருந்தும். தலைக்குத் தலையும் சேராது, அடிக்கு அடியும் சேராது. தண்ணீர் மட்டத்தில் எனக்கு அமைந்ததோ அடிக்கு அடி. மேல் வீட்டின் அடியும் கீழ் வீட்டின் அடியும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் நின்றன.

ஸ்டட் மேலே பார்க்காமல் வேறு பக்கம் பார்க்கும்படி கட்டுகிற வேலைக்கு இந்தப் பொழுதுபோக்கில் 'ஸ்நாட்' என்று பெயர். 'ஸ்டட்ஸ் நாட் ஆன் டாப்' என்பதன் சுருக்கம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு மூக்குச்சளி என்றும் பொருள் உண்டு. பெரிய மனிதர்கள் கூடும் கண்காட்சிகளில்கூட முகத்தில் சிரிப்பில்லாமல் இந்தச் சொல்லைப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

நாலு அளவை இங்கேயே சொல்லிவிடுகிறேன், மிச்சக் கதை முழுக்க இதில்தான் ஓடுகிறது. ஸ்டட்டின் நடுவிலிருந்து அடுத்த ஸ்டட்டின் நடுவுக்கு 8 மி.மீ. கட்டையின் உயரம், ஸ்டட்டைச் சேர்க்காமல், 9.6 மி.மீ. பிளேட் எனும் சன்னத் தட்டு 3.2 மி.மீ., மூன்று பிளேட் அடுக்கினால் ஒரு கட்டை. இந்த மூன்று எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய அளவு 1.6, அதாவது பாதி பிளேட். அதை நான் 'அரை' என்றே எழுதப்போகிறேன். அப்படிப் பார்த்தால் அகலம் 5 அரை, உயரம் 6 அரை, பிளேட் 2 அரை. கட்டை சரியான கனசதுரமாக இருந்திருந்தால் திருப்பிக் கட்டுவது குழந்தை வேலை. இந்த 5க்கும் 6க்கும் உள்ள ஒரு அரை வித்தியாசம்தான் எல்லாக் குடைச்சலுக்கும் காரணம்.

இரண்டு பக்கமும் குமிழ் உள்ள கட்டை

முதலில் எல்லோரும் போகும் வழியில்தான் போனேன். 1×1 கட்டையில், அதாவது நீளமும் அகலமும் ஒரே ஸ்டட் உள்ள கட்டையில், ஒரு வகை, எதிரெதிர்ப் பக்கங்களில் ஒவ்வொரு ஸ்டட் வைத்தது. அதைப் படுக்கவைத்தால் ஒரு ஸ்டட் வானத்தைப் பார்க்கும், மற்றொன்று தரையை. மேல் ஸ்டட்டை மேல் வீட்டின் அடியிலும் கீழ் ஸ்டட்டைக் கீழ் வீட்டின் அடியிலும் செருகினால் வேலை முடிந்தது. ஸ்டட் திருப்புவதற்கு இதைவிட நேரான வழி கிடையாது. எட்டு கட்டை வாங்கி வைத்தேன்.

செருகியதும் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் 8 மி.மீ. இடைவெளி. படுத்திருக்கும் கட்டையின் அகலம் அது, 5 அரை. அதை அடைக்க மேல் வீட்டின் அடியில் ஒரு பிளேட், கீழ் வீட்டின் அடியில் ஒரு பிளேட் ஒட்டினேன். 4 அரை போனது. மீதி ஒரு அரை, 1.6 மி.மீ., வாயைத் திறந்துகொண்டு நின்றது. இன்னொரு பிளேட் சேர்த்தால் 6 அரை, உள்ளே போகாது.

விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன் அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஆறாம் வகுப்பு. மாடலுக்குப் பின்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"மாமா, தண்ணிக்குள்ள டியூப்லைட் எரியுது."

192 மி.மீ. நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. அவன் சொன்னது சரிதான்.

இரண்டாவது தொல்லை கையில் எடுத்துப் பார்க்கும்வரை தெரியாது. படுக்கவைத்த கட்டை தரையில் 8க்கு 8 இடத்தில் அடங்காது. அதன் உயரம் 9.6 இப்போது பக்கவாட்டில் கிடக்கிறது. போதாததற்கு அதன் சொந்தத் தலை ஸ்டட் ஏறத்தாழ 1.7 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பக்க ஸ்டட்டின் நடுப்புள்ளி கட்டையின் மேல்விளிம்பிலிருந்து 4 மி.மீ. தள்ளி, கீழ்விளிம்பிலிருந்து 5.6 மி.மீ. தள்ளி இருக்கும். ஆகவே ஒரு கட்டத்துக்குள் அதை உட்காரவைத்தால் இந்தப் பக்கம் அடி 1.6 மி.மீ. பக்கத்து வீட்டுக்குள் காலை நீட்டும், அந்தப் பக்கம் ஸ்டட் தலையை நீட்டும். இரு பக்கமும் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால்தான் நிம்மதியாகப் படுக்கும். அந்தக் காலி இடங்களிலும் வெளிச்சம் வந்தது.

தூக்கிப் பார்த்தேன். எட்டில் ஐந்து மேல் வீட்டோடு வந்தன, மூன்று கீழ் வீட்டோடு தங்கிவிட்டன. ஒற்றை ஸ்டட் பிடி அவ்வளவுதான்.

அந்த ஒரு அரையை அடைக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பிராக்கெட் எனும் எல் வடிவத் துண்டின் நிற்கும் தகடு சரியாக 1.6 மி.மீ. தடிமன். அதைப் படுக்கவைத்து இடைவெளியில் நுழைக்கலாம். ஆனால் அதைப் படுக்கவைப்பதற்கு இன்னொரு தடவை திசை திருப்ப வேண்டும். ஓட்டையை அடைக்க இன்னொரு ஓட்டை போடுகிற கதை, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

தொண்ணூறும் தொண்ணூறும்

யோசனை மாறியது ஒரு சின்னக் கேள்வியில். அடிக்கு அடி இடுக்குக்குள்ளேயே எதற்காக இணைப்பைத் தேடுகிறோம்? மேல் வீட்டிலிருந்து ஒரு ஸ்டட்டைப் பின்பக்கம் பார்க்கவைப்போம், கீழ் வீட்டிலிருந்தும் ஒன்றைப் பின்பக்கம் பார்க்கவைப்போம். இரண்டையும் சேர்த்து ஒரு பிளேட்டை நெடுக்காக அழுத்திவிட்டால்? மேலிருந்து பக்கத்துக்கு 90 பாகை, பக்கத்திலிருந்து கீழுக்கு இன்னொரு 90. மொத்தம் 180. இடுப்பில் பட்டி கட்டுவது மாதிரி. இனி அந்தப் பிளேட்டைப் பட்டி என்றே சொல்கிறேன்.

ஒரு பக்கம் மட்டும் ஸ்டட் உள்ள 1×1 கட்டையை மேல் வீட்டின் கடைசி வரிசையில் வைத்தேன், கீழ் வீட்டிலும் அப்படியே. இரண்டையும் அடிக்கு அடி ஒட்டி நிறுத்திப் பட்டியை அழுத்தினால் உட்கார மறுக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்டட் நடு அடியிலிருந்து 5.6 மி.மீ. இரண்டு பக்கமும் சேர்ந்து 11.2. பட்டியின் துளைகளோ 8, 16, 24 என்றுதான் வரும். 11.2க்கு எங்கே போவது?

நடுவில் பிளேட் சேர்த்துக்கொண்டே போனால் எங்காவது பொருந்துமா என்று பார்த்தேன். அரையில் எழுதினால் கண்ணுக்குத் தெரியும். இரண்டு ஸ்டட்டுக்கும் இடையே 7 அரை. வேண்டியது 5இன் மடங்கு. ஒரு பிளேட் 2 அரை. மேலே கீழே சமமாகச் சேர்ப்பதால் ஒரு சுற்றுக்கு 4 கூடும். 7, 11, 15. பதினைந்து! ஐந்தின் மூன்று மடங்கு, 24 மி.மீ., மூன்று ஸ்டட் தூரம். பக்க ஸ்டட் கட்டைக்கு அடியில் இரண்டு பிளேட், கீழேயும் அதே மாதிரி இரண்டு பிளேட். நாலு ஸ்டட் நீளப் பட்டியின் முதல் துளையும் கடைசித் துளையும் சரியாக வந்து விழும். தண்ணீர் மட்டத்தில் இடைவெளி பூஜ்யம்.

கூட்டிக் கழித்து முடித்த பிறகுதான் உறைத்தது. ஒரு கட்டையும் இரண்டு பிளேட்டும் சேர்ந்தால் ஐந்து பிளேட். ஐந்து பிளேட் உயரம் இரண்டு ஸ்டட் அகலத்துக்குச் சமம், 16 மி.மீ. இந்தப் பொழுதுபோக்கில் காலெடுத்து வைக்கிறவனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற சூத்திரம் அது. பட்டியின் மேல்விளிம்பு பக்க ஸ்டட் கட்டையின் மேல்விளிம்போடு ஒரே மட்டத்தில் நின்றது. இரண்டு வாரமாகத் தேடிய எண் என் நோட்டின் முதல் பக்கத்திலேயே இருந்தது.

இந்த 16 மி.மீ. எனக்கு இன்னொரு வகையிலும் கைகொடுத்தது. நியூஹவ்னில் வீடு தண்ணீரிலிருந்து நேராக எழும்பாது. நடுவில் கல் கட்டிய கரைச்சுவர் உண்டு. ஐந்து பிளேட் உயரத்தைச் சாம்பல் நிறத்தில் கட்டினால் அதுவே கரைச்சுவர். ஜன்னலும் கதவும் அதற்கு மேலேதான் தொடங்கும் என்பதால் பின்னால் பட்டி ஒளிந்திருப்பது யாருக்கும் தெரியாது.

டெக்னிக் வகை ஓட்டைக் கட்டைகளிலும் இதே கணக்கு அப்படியே செல்லும், ஏனென்றால் ஓட்டையின் நடுவும் அடியிலிருந்து 5.6 மி.மீ. உயரத்தில்தான் இருக்கிறது. பிளேட்டுக்குப் பதில் ஓட்டைப் பட்டை வைத்து முளை அடித்தால் பிடி பல மடங்கு உறுதி. பெரிய, கனமான மாடல் என்றால் நான் அதைத்தான் சொல்வேன். இங்கே கரைச்சுவரின் முகத்தில் வட்ட ஓட்டைகள் தெரியும் என்பதால் தவிர்த்தேன்.

மாறி வந்த சரக்கு

பக்க ஸ்டட் கட்டைகளை உதிரியாக விற்கிற ஒருவரிடம் வரவழைத்தேன். பொட்டலத்தில் பாதிக்கு மேல் ஹெட்லைட் கட்டை கலந்து வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்று மாதிரிதான், 1×1, பக்கத்தில் ஒரு ஸ்டட். திருப்பி அனுப்பினால் தபால் செலவு பொருளைவிட அதிகம். சரி, இதையே போட்டுவிடுவோம் என்று கலந்து கட்டினேன். கட்டியிருக்கக் கூடாது.

ஹெட்லைட் கட்டை 1980 வாக்கில் வந்தது. வடிவமைத்தவர் எர்லிங் டிடெரிக்சன், அதனால் பழைய ஆட்கள் இதை எர்லிங் கட்டை என்பார்கள். கார்களுக்கு முன்விளக்கு வைப்பதற்காகப் பிறந்தது. இதன் பக்க ஸ்டட் மற்றக் கட்டைகளைப் போல முகத்தில் நிற்காது, ஒரு அரை உள்வாங்கி நிற்கும். அந்த உள்வாங்கலுக்குக் கீழே, கட்டையின் அடி ஓரத்தில், 1.6 மி.மீ. உயரத்துக்கு ஒரு உதடு முகமட்டம் வரை வந்திருக்கும். நகத்தால் தடவினால் படிக்கட்டு மாதிரி தட்டுப்படும்.

பட்டியோ தண்ணீர் மட்டத்தைத் தாண்டிக் கீழே இறங்க வேண்டிய பொருள். ஸ்டட்டில் மாட்டி அழுத்தினால் பட்டியின் முதுகு அந்த உதட்டில் முட்டுகிறது. ஓரளவு அமுங்கிவிட்டு, மறுநாள் காலையில் பார்த்தால் தானாக வெளியே வந்து நிற்கிறது. பக்கத்துப் பட்டி சாதாரணக் கட்டையில் நேராக நிற்க, இது மட்டும் ஒரு அரை உள்ளே இழுத்து முறுக்கிக்கொண்டது. மூன்று நாள் பட்டியைக் குறை சொன்னேன், பிளேட் வளைந்துவிட்டதோ என்று கண்ணாடிமேல் வைத்துக்கூடப் பார்த்தேன். கடைசியில் உதட்டைக் கண்டுபிடித்தவன் அக்கா மகன்தான்.

"மாமா, இதுக்கு மட்டும் தாடை இருக்கு பாருங்க."

ஹெட்லைட் கட்டையை நான் திட்டவில்லை. அதை முதுகில் படுக்கவைத்தால் ஸ்டட் முகம் சரியாக 4 அரை உயரத்தில், அதாவது இரண்டு பிளேட் உயரத்தில் நிற்கும். முதுகில் உள்ள சதுர ஓட்டை கீழே இருக்கும் ஸ்டட்டைக் கவ்விக்கொள்ளும். திசை திருப்பியும் கணக்குச் சுத்தமாக வரும் துண்டுகள் மிகக் குறைவு, அதில் இது ஒன்று. என் வேலைக்குத்தான் ஒத்துவரவில்லை.

மாற்றாக 1×2 கட்டையில் ஒரு பக்கம் இரண்டு ஸ்டட் வைத்த வகையை எடுத்தேன். பட்டிக்கு 2×4 பிளேட். வீட்டுக்கு முன்சுவரில் ஒரு பட்டி, பின்சுவரில் ஒரு பட்டி, மொத்தம் ஆறு. பட்டிக்கு இரண்டு வீதம் பன்னிரண்டு கட்டை. ஒற்றை ஸ்டட்டில் இருந்த முறுக்கல் இரட்டை ஸ்டட்டில் நின்றுபோனது.

விரல் போகாத வீடு

மேல் பாதி நாலு பக்கமும் சுவர் எழுப்பிய பெட்டி. கீழ்ப் பாதி இன்னொரு பெட்டி. இரண்டையும் அழகாகக் கட்டி முடித்து, தண்ணீர் மட்டத்தில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, உள்ளே கையை விட்டுப் பட்டியை அழுத்தலாம் என்று பார்த்தால் உள்கூடு 16 மி.மீ. அகலம். என் சுண்டுவிரல் நுனி போனது. சின்னவன் கை போனது, ஆனால் அழுத்துகிற தெம்பு இல்லை. பென்சில் முனையால் நெம்பினோம். நீல வீட்டின் பின்சுவர் வெளியே பிதுங்கி வந்தது.

எல்லாவற்றையும் பிரித்தேன். இங்கே கட்டும் வரிசைதான் முக்கியம், அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். மேல் பாதியின் முன்சுவரையும் கீழ்ப் பாதியின் முன்சுவரையும் மேசைமேல் குப்புறப் படுக்கவைத்தேன், முகம் துணியைப் பார்த்திருக்க. இரண்டின் அடியும் ஒட்டி நிற்க, முதுகிலிருந்து மூன்று பட்டியையும் கட்டை விரலால் அழுத்தினேன். 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு இன்னொன்று. அந்தச் சத்தம் வராவிட்டால் பொருந்தவில்லை என்று அர்த்தம். இப்போது ஒரே சுவர், பாதி நேராக, பாதி தலைகீழாக.

தண்ணீர் மட்டத்தை ஒட்டிய பிளேட் வரிசையை 4 ஸ்டட் ஆழத்துக்குப் போட்டிருந்தேன். பட்டி இருக்கும் இடங்களில் மட்டும் இடம் விட்டு, மற்ற இடங்களில் அது சுவருக்குப் பின்னால் தரை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். மேல் பாதித் தரையின் ஸ்டட்டுகள் மேலே பார்க்கும், கீழ்ப் பாதியுடையவை கீழே பார்க்கும். சுவரை நிமிர்த்தி, மேல் பின்சுவரை மேலிருந்தும் கீழ்ப் பின்சுவரைக் கீழிருந்தும் இந்தத் தரைகளில் அழுத்தினேன். பின்சுவரின் பக்க ஸ்டட்டுகளை வெளிமுதுகு பார்க்கும்படி வைத்ததால் அந்த மூன்று பட்டிகளைக் கடைசியில் வெளியிலிருந்தே ஒட்ட முடிந்தது. விரலை உள்ளே விடுகிற வேலையே இல்லை.

பின்சுவருக்கும் பட்டி எதற்கு என்று கேட்கலாம். முன்சுவர்ப் பட்டிகளோடு நிறுத்திப் பார்த்தேன். மாடலைப் பின்னால் சாய்த்தால் தாங்கியது. முன்னால் சாய்த்தபோது தண்ணீர் மட்டம் பின்பக்கம் கதவு மாதிரி திறந்தது. ஒரே கோட்டில் எத்தனை பட்டி போட்டாலும் அது கீல்தான். முன்பட்டியிலிருந்து 24 மி.மீ. தள்ளிப் பின்பட்டி வந்ததும் எந்தப் பக்கமும் திறக்கவில்லை.

இடம் வலமான கதை

இதைச் சொல்ல எனக்கே வெட்கம். கீழ்ப் பாதியைத் தலைகீழாக ஒவ்வொரு கட்டையாகக் கட்ட முடியாது, மேசைமேல் நேராகக் கட்டிவிட்டுத்தான் கவிழ்க்க வேண்டும். மேல் பாதியைப் பார்த்து அச்சு மாறாமல் இன்னொன்று கட்டினேன். இடமிருந்து வலமாக மஞ்சள், சிவப்பு, நீலம். முகம் முன்னாலேயே இருக்கும்படி பக்கவாட்டில் உருட்டிக் கவிழ்த்தேன். மஞ்சள் வீட்டுக்குக் கீழே நீல வீட்டின் நிழல் நின்றது.

முன்பக்கமாகப் புரட்டிக் கவிழ்த்தால் நிறம் சரியாக வரும், ஆனால் கதவும் ஜன்னலும் பின்னால் போய்விடும். எப்படிக் கவிழ்த்தாலும் ஒன்று மாறியே தீரும், ஏனென்றால் நிழல் என்பது கவிழ்த்த வீடு இல்லை, கண்ணாடியில் தெரியும் வீடு. கீழ்ப் பாதியை மேசைமேல் கட்டும்போதே இடம் வலம் மாற்றிக் கட்ட வேண்டும். நீலம், சிவப்பு, மஞ்சள். கதவு இடப்பக்கம் இருந்தால் வலப்பக்கம். ஒருபக்கச் சரிவுக் கட்டைகள் இருந்தால் அவற்றிலும் இடக்கை வலக்கை ஜோடி தேவைப்படும், அதை முன்கூட்டியே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். நான் எண்ணவில்லை. நீல வீட்டின் கூரையை எளிமையாக்கி ஒப்பேற்றினேன்.

பாதம்

மாடல் நிற்க வேண்டுமே. கீழ்ப் பாதியின் கூரைகள் கீழ்நோக்கிக் கூர்ந்திருக்கின்றன, அவற்றின் ஸ்டட்டுகள் தரையைப் பார்க்கின்றன. அடித்தட்டின் ஸ்டட்டுகள் மேலே பார்க்கின்றன. இங்கே பிரச்சினை தலைக்குத் தலை. இதற்கு மருந்து வேறு. 1×1 உருளைக் கட்டையின் ஸ்டட் உள்ளே துளையுள்ளது, 3.2 மி.மீ. கம்பி அதில் இறுக்கமாகச் செல்லும். பொம்மை மனிதர்கள் கையில் பிடிக்கிற ஒளிவாளின் அலகு அதே தடிமன், 32 மி.மீ. நீளம், ஒளிபுகும் நிறங்களில் கிடைக்கும். மேலே கவிழ்ந்த உருளை, கீழே நிமிர்ந்த உருளை, நடுவில் கம்பி. பின்சுவர் ஓரமாக மூன்று கால், கூரைகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களில் இரண்டு கால். கம்பியை அடிவரை அமிழ்த்தி விடுங்கள், பாதியில் நிறுத்தினால் பாரத்தில் மெல்ல இறங்கும். ஒரு கால் மட்டும் இறங்கி மூன்று வீடும் சாய்ந்து நின்றதை ஒரு நாள் காலையில் பார்த்தேன்.

படகு

தூக்கிப் போட்ட எட்டு கட்டைகளில், அந்த எதிரெதிர் ஸ்டட் வகையில்தான், நாலுக்கு ஒரு வேலை கிடைத்தது. வீடுகளுக்கு முன்னால் ஒரு படகு நிற்க வேண்டும். மேல்தட்டு மேலே, அதன் நிழல் கீழே, நடுவில் 8 மி.மீ. உடல். இங்கே இடைவெளி குறையே இல்லை, அதுதான் படகின் பக்கவாட்டு.

ஆறு 1×1 கட்டைகளைத் தூண் மாதிரி அடுக்கினேன். முதலாவதும் ஆறாவதும் எதிரெதிர் ஸ்டட் வகை, நடு நான்கும் சாதா. தூணைப் படுக்கவைத்தால் இரு முனை ஸ்டட்டுகளுக்கும் இடையே ஐந்து கட்டை உயரம், 5 × 9.6, 48 மி.மீ. ஆறு ஸ்டட் தூரமும் 48 மி.மீ. இரண்டு தூண்களைப் பக்கம் பக்கமாக வைத்து மேலே ஒரு 2×8 பிளேட், கீழே கவிழ்த்து ஒரு 2×8 பிளேட். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி உட்கார்ந்தது. முன்முனைக் கட்டைகளின் சொந்த ஸ்டட்டுகள் மட்டும் தட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டன. விட்டுவிட்டேன், படகுக்கு மூக்கு வேண்டாமா. ஒரே கட்டைதான் படகுக்கும் நிழலுக்கும் உடல் என்பதால் அங்கே நிறத்தை மங்கலாக்க முடியாது. நல்லவேளை, கறுப்புப் படகாக முடிவு செய்திருந்தேன். படகுக்கும் அதே கம்பிக் கால்தான், நாலு கட்டைகள் மிச்சம்.

இப்போது மாடல் அலமாரியில் நிற்கிறது. நடு வீட்டின் கூரையைப் பிடித்துத் தூக்கினால் ஆறு பாதி வீடுகளும் ஒன்றாக எழும்பி வருகின்றன. பின்னால் விளக்கை வைத்தாலும் தண்ணீர் மட்டம் இருட்டாகவே இருக்கிறது, நீல வீட்டுக்கு அடியில் மட்டும் ஒரு முடி அளவு கோடு தெரிகிறது. பழைய பெட்டியிலிருந்து எடுத்த சாம்பல் பிளேட் ஒன்றின் அடி விளிம்பில் பல் கடித்த தடம் இருக்கிறது, பிளேட் அங்கே படிய மாட்டேன் என்கிறது. புது பிளேட் வந்ததும் பின்பட்டி மூன்றையும் கழற்றி மாற்ற வேண்டும். அந்தப் பல் யாருடையது என்று அக்காவிடம் கேட்டேன். தன் மகனைக் காட்டுவாள் என்று பார்த்தால், "அது உன்னோட பெட்டிடா, முப்பது வருஷமா எங்க வீட்டுப் பரண்ல கிடந்தது" என்கிறாள்.